‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் எங்கே பார்ப்பது? லினக்ஸ் கோப்பு அனுமதிச் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

லினக்ஸில் ஒரு கோப்பைத் திறக்கப் போய் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்ததும் கை தானாக ‘சூடோ சிஎச்மாட் 777’ (நிர்வாகி உரிமையோடு, கோப்பை எல்லோருக்கும் முழுதாகத் திறந்துவிடும் கட்டளை) அடிக்கப் போகும். சில நேரம் அதிலேயே வேலை முடிந்தும் விடும். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. எது தடுத்தது என்று கடைசிவரை தெரியாது. போதாக்குறைக்கு, அந்தக் கணினியில் ஓடுகிற எந்த நிரலும் அந்தக் கோப்பில் எழுதலாம் என்ற நிலையும் வந்துவிடும். வெப் சர்வரில் இப்படி விட்டுவைத்தால், ஓட்டையான ஒரு பிளகின் வழியாக நுழைந்தவன் உங்கள் தளத்தின் நிரலையே மாற்றி எழுதிவிட்டுப் போகலாம்.

கீழே உள்ளவை உபுண்டு, டெபியன், ஃபெடோரா வகையறாக்களில் அடிக்கடி வரும் அறிகுறிகள். உங்களுக்கு வந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்

வந்த பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) மூன்று விதமாக மறுக்கும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ‘பெர்மிஷன் டினைட்’ (பிழை எண் 13) என்றால் அனுமதி எண்களோ, ஏசிஎல்லோ (குறிப்பிட்ட பயனருக்கோ குரூப்புக்கோ தனியாக அனுமதி எழுதும் பட்டியல்), எஸ்இலினக்ஸ் போன்ற கூடுதல் காவலோ தடுக்கிறது. ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ (எண் 1) என்றால் நீங்கள் செய்யப் பார்த்தது ஓனருக்கோ ரூட்டுக்கோ (முழு அதிகாரமுள்ள நிர்வாகிப் பயனர்) மட்டுமே உரிய வேலை. அல்லது கோப்பு தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ (எண் 30) என்றால் அந்த டிஸ்க் பகுதியே எழுத முடியாதபடி மவுண்ட் ஆகியிருக்கிறது, அதாவது கணினியோடு இணைந்திருக்கிறது. பின்னிரண்டுக்கும் சிஎச்மாட் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

அடுத்து, கேட்பது யார்? இதைக் கேட்காமல் விடுவதால்தான் பாதி நேரம் வீணாகிறது. டெர்மினலில் உட்கார்ந்திருப்பது நீங்கள். தளத்தைப் படித்துக் கொடுப்பது டெபியன், உபுண்டுவில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற வேறொரு பயனர். உங்களால் கோப்பைத் திறக்க முடிகிறது என்பது அவருக்குத் திறக்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது. ‘பிஎஸ் -இஎஃப்’ போட்டால் எந்த நிரல் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்று முதல் நெடுவரிசையில் தெரியும். அந்தப் பயனராகவே சோதித்துப் பார்ப்பது இன்னும் நல்லது: ‘சூடோ -யூ பயனர்பெயர் கேட் கோப்பு’. திறந்தால் சிக்கல் வேறெங்கோ. மறுத்தால் சிக்கல் கைக்குள் வந்துவிட்டது.

கோப்பின் நிலையைப் பார்க்க ‘எல்எஸ் -எல்’ போதும். எண்ணாகப் பார்க்க நினைப்பவர்கள் ‘ஸ்டாட் -சி '%ஏ %யூ %ஜி %என்' கோப்பு’ அடிக்கலாம் (யூ, ஜி இரண்டும் பெரிய எழுத்து). இப்படி ஒரு வரி வரும்:

640 குமார் கணக்கு வரவு.டெக்ஸ்ட்

முதல் எண் ஓனருக்கு, இரண்டாவது குரூப்புக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டிக்கொள்ளுங்கள். குமார் படித்து எழுதலாம், ‘கணக்கு’ குரூப்பில் இருப்பவர்கள் படிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. கெர்னல் மூன்று எண்களையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் ஓனர் என்றால் முதல் எண்ணோடு தீர்ப்பு முடிந்தது. ஓனர் இல்லை, குரூப்பில் இருக்கிறீர்கள் என்றால் இரண்டாவது எண் மட்டும். அதனால் 604 என்ற கோப்பை ஊரில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அந்தக் குரூப்பில் இருப்பவர்களைத் தவிர. குரூப்பில் சேர்த்த பிறகு இருந்த அனுமதியும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், நடக்கக்கூடியதுதான்.

கடைசியாக, திரும்பி வர ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். ‘கெட்எஃப்ஏசிஎல் -ஆர் ஃபோல்டர் > பழையநிலை.டெக்ஸ்ட்’ (ஆர் பெரிய எழுத்து) என்று அடித்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் ஓனர், குரூப், அனுமதி எல்லாம் ஒரே கோப்பில் பதிவாகிவிடும். ஏதாவது சொதப்பினால் அதே இடத்தில் நின்று ‘சூடோ செட்எஃப்ஏசிஎல் --ரெஸ்டோர்=பழையநிலை.டெக்ஸ்ட்’. இந்த ஒரு வரியை யாரும் சொல்லித்தருவதில்லை.

கோப்பு 644தான், ஆனாலும் தளத்தில் 403

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வைத்துத் தளம் ஓட்டுகிறீர்கள். கோப்புகள் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. உலாவியில் 403, அதாவது அனுமதி மறுப்பு, வருகிறது. ‘/வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக்’ கோப்பின் கடைசி வரியில் ‘13: பெர்மிஷன் டினைட்’ என்று இருக்கும். கோப்பை எத்தனை முறை பார்த்தாலும் 644. பிறகென்ன?

வாசல் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே அலமாரியைத் திறந்து வைத்து என்ன பயன்? கோப்புக்குப் போகும் வழியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைவு அனுமதி வேண்டும். வழி முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க ‘நேம்ஐ -எல்’ என்ற கட்டளை இருக்கிறது. முழுப் பாதையையும் அதற்குக் கொடுங்கள். எழுத்துகளாகக் காட்டுவதை எண்ணாக மாற்றினால் இப்படி இருக்கும்:

755 ரூட் ரூட் /
755 ரூட் ரூட் ஹோம்
750 குமார் குமார் குமார்
755 குமார் குமார் தளம்
644 குமார் குமார் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்

மூன்றாவது வரியில் வழி அடைபட்டிருக்கிறது. உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்கள் 750 ஆகத்தான் வருகின்றன. அதற்கு முன் 755. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்தவர்களுக்குத் தளம் ஓடாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஃபோல்டரில் எண்களின் பொருள் கொஞ்சம் மாறும். 4 இருந்தால் உள்ளே என்னென்ன பெயர்கள் உண்டு என்று பட்டியல் எடுக்கலாம். 1 இருந்தால் அதைக் கடந்து உள்ளே போகலாம். 2 இருந்தால் உள்ளே கோப்பைச் சேர்க்கலாம், அழிக்கலாம், பெயர் மாற்றலாம். கூடவே 1-ம் இருக்க வேண்டும். 4 மட்டும் இருந்து 1 இல்லாவிட்டால் ‘எல்எஸ் -எல்’ பெயர்களைக் காட்டிவிட்டு மற்ற இடங்களில் கேள்விக்குறி போடும். அப்படிக் கேள்விக்குறி வரிசையைக் கண்டால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

சரி, தீர்வு? நல்ல வழி, தளத்தை ஹோமிலிருந்து எடுத்து ‘/எஸ்ஆர்வி’ அல்லது ‘/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ’ கீழே வைப்பது. அங்கேயேதான் இருக்க வேண்டும் என்றால் வெப் சர்வர் பயனருக்கு மட்டும் நடந்துபோகும் உரிமை கொடுங்கள்: ‘செட்எஃப்ஏசிஎல் -எம் யூ:டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா:எக்ஸ் /ஹோம்/குமார்’. அவர் கடந்து போகலாம், உங்கள் ஹோமில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது. வெப் சர்வரை உங்கள் குரூப்பில் சேர்ப்பது எனக்குப் பிடிக்காத வழி. 750-இல் உள்ள 5 முழுதாக அதற்குப் போய்விடும்.

ஃபெடோரா வகையில் இன்னொரு அடுக்கு உண்டு. எண்கள் எல்லாம் சரி, ‘நேம்ஐ’யும் சுத்தம், ஆனாலும் 403 என்றால் ‘எல்எஸ் -இசட்’ (பெரிய எழுத்து) போட்டு எஸ்இலினக்ஸ் லேபிளைப் பாருங்கள். ஹோமிலிருந்து ‘எம்வி’ செய்த கோப்பு பழைய ‘யூசர்_ஹோம்_டி’ லேபிளோடேயே வந்து சேரும். ‘சிபி’ செய்திருந்தால் புது இடத்தின் லேபிள் விழுந்திருக்கும். ‘சூடோ ரெஸ்டோர்கான் -ஆர்வி ஃபோல்டர்’ (ஆர் பெரிய எழுத்து) போட்டால் லேபிள் சரியாகிவிடும். எஸ்இலினக்ஸையே நிரந்தரமாக அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகளுக்குக் காது கொடுக்க வேண்டாம். சந்தேகத்தை உறுதிசெய்ய ‘செட்என்ஃபோர்ஸ் 0’ போட்டு ஒரு நிமிடம் சோதித்துவிட்டு, உடனே 1 ஆக்கிவிடுங்கள்.

குரூப்பில் சேர்த்தாயிற்று, இன்னும் விடவில்லை

‘ஐடி’ என்று மட்டும் அடித்துப் பாருங்கள். அப்புறம் ‘ஐடி குமார்’ என்று பெயரோடு அடியுங்கள். முதலாவது, இப்போது ஓடும் இந்த டெர்மினலிடம் இருக்கும் குரூப்புகள். இரண்டாவது, கணினியின் பதிவேட்டில் இருப்பவை. இரண்டாவதில் புதுக் குரூப் இருந்து முதலாவதில் இல்லையென்றால் லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டியதுதான். டெர்மினல் சன்னலை மூடித் திறப்பது போதாது. பின்னணியில் டிமக்ஸ் (டெர்மினல் அமர்வுகளை மூடாமல் வைத்திருக்கும் நிரல்) ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள் பழைய குரூப்புகளே இருக்கும். அவசரத்துக்கு ‘நியூஜிஆர்பி குரூப்பெயர்’ போட்டால் அந்த ஒரு ஷெல்லுக்கு மட்டும் கிடைக்கும். சர்வீஸாக ஓடும் நிரல் என்றால் அதை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

குரூப்பில் சேர்க்கும் கட்டளை ‘யூசர்மாட் -ஏஜி’ (ஜி பெரிய எழுத்து). இதில் ‘ஏ’வை விட்டுவிட்டால் சேர்ப்பதற்குப் பதிலாக மற்ற கூடுதல் குரூப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிடும், ‘சூடோ’ குரூப் உட்பட. ஒரே நிர்வாகி இருக்கும் கணினியில் இதைச் செய்தால் கதை கந்தல். ‘ஜிபாஸ்டபிள்யூடி -ஏ குமார் டயல்அவுட்’ என்று அடிப்பதில் இந்த ஆபத்து இல்லை.

டயல்அவுட் என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது: ஆர்டுயினோ பலகையைச் செருகிவிட்டு ‘/டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0’ (யூஎஸ்பி பெரிய எழுத்து) திறக்கவில்லை என்று தவிக்கும் மாணவர்களுக்கும் இதே விடைதான். டெபியன், உபுண்டுவில் அந்தச் சாதனக் கோப்பின் குரூப் டயல்அவுட்; ஆர்ச்சில் யூயூசிபி. சாதனக் கோப்புக்கே 666 போட்டால் அப்போதைக்கு ஓடும், கேபிளைப் பிடுங்கிச் செருகியதும் கோப்பு புதிதாக உருவாகி, யுடெவ் (சாதனங்களைக் கவனிக்கும் சேவை) பழைய அனுமதியையே வைத்துவிடும்.

சூடோ போட்டும் மறுக்கிறது

‘சூடோ எக்கோ ஏதோ > /இடிசி/கோப்பு’ என்று அடித்து மறுப்பு வந்தால், குற்றம் ‘>’ குறியில் இருக்கிறது. கோப்பைத் திறப்பது சூடோ அல்ல, உங்கள் ஷெல். அது ரூட் ஆவதற்கு முன்பே கோப்பைத் திறக்கப் போய்த் திட்டு வாங்குகிறது. ‘எக்கோ ஏதோ | சூடோ டீ -ஏ /இடிசி/கோப்பு’ என்று மாற்றுங்கள். ‘-ஏ’ இல்லாவிட்டால் பழைய உள்ளடக்கம் முழுதும் போய்விடும்.

ரூட்டாகவே அழிக்கப் போய் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ வந்தால் ‘எல்எஸ்அட்டர் கோப்பு’ அடியுங்கள். கோடுகளுக்கு நடுவே ‘ஐ’ என்ற எழுத்து தெரிந்தால் யாரோ கோப்பை மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். டிஎன்எஸ் அமைப்பு மாறாமல் இருக்க ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பை இப்படிப் பூட்டுவது பழைய வழக்கம். ‘சூடோ சிஎச்அட்டர் -ஐ கோப்பு’ பூட்டை எடுத்துவிடும். எடுப்பதற்கு முன் ஏன் பூட்டினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

‘/டெம்ப்’ ஃபோல்டரில் நீங்கள் உருவாக்கிய கோப்பில் ரூட்டே எழுத முடியவில்லை என்றால் பதற வேண்டாம். கெர்னல் 4.19-இல் ‘ப்ரொடெக்டட்_ரெகுலர்’ என்ற பாதுகாப்பு வந்தது. எல்லோரும் எழுதக்கூடிய ஸ்டிக்கி ஃபோல்டரில் (அவரவர் கோப்பை அவரவரே அழிக்க முடிகிற ஃபோல்டர்) இன்னொருவருடைய கோப்பை, ‘இல்லாவிட்டால் உருவாக்கு’ என்ற வகையில் திறக்க அது ரூட்டையும் விடாது. கோப்பை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டால் முடிந்தது.

என்எஃப்எஸ் (வேறு கணினியின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியே இணைக்கும் முறை) வழியாக வந்த ஃபோல்டரில் ரூட் செல்லாக்காசாகத் தெரிந்தால் அது ‘ரூட்_ஸ்குவாஷ்’. இங்கே ரூட்டாக இருப்பவரை அந்தப் பக்கத்துச் சர்வர் ‘நோபடி’ ஆக்கிவிடும். மாற்றங்களைச் சர்வரில்தான் செய்ய வேண்டும்.

பென் டிரைவில் சிஎச்மாட் எடுபடவில்லை

ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் ஓனர், குரூப் என்ற தகவலை எழுதி வைக்க இடமே கிடையாது. நீங்கள் பார்க்கும் எண்கள் மவுண்ட் செய்யும்போது கெர்னல் ஒட்டிக் காட்டுபவை. ஆகவே மாற்றத்தை மவுண்ட் செய்யும் இடத்தில் சொல்லுங்கள்: ‘மவுண்ட் -ஓ யுஐடி=1000,ஜிஐடி=1000,யுமாஸ்க்=022’. டெபியன், உபுண்டு, ஃபெடோராவில் முதல் பயனரின் எண் பொதுவாக 1000.

விண்டோஸோடு பங்கிட்ட என்டிஎஃப்எஸ் டிஸ்க் பகுதி படிக்க மட்டும் திறந்தால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டு வாருங்கள். நேற்றுவரை எழுத முடிந்த இஎக்ஸ்டி4 டிஸ்க் இன்று ‘ரீட்-ஒன்லி’ என்றால் அனுமதியை மறந்துவிட்டு ‘சூடோ டிமெஸ்ஜி’ வெளியீட்டைப் பாருங்கள். பிழை கண்டால் கெர்னல் டிஸ்க்கைத் தானே எழுதாநிலைக்குக் கொண்டுபோய்விடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை பேக்கப்.

ஸ்கிரிப்ட் ஓடவில்லை

‘./வேலை.எஸ்எச்’ மறுக்கிறது, ‘பாஷ் வேலை.எஸ்எச்’ ஓடுகிறது என்றால் இயக்கும் அனுமதி இல்லை: ‘சிஎச்மாட் யூ+எக்ஸ்’. போட்டும் மறுத்தால் ‘ஃபைண்ட்எம்என்டி -டி .’ (டி பெரிய எழுத்து) அடித்து ‘நோஎக்ஸெக்’ (இந்த இடத்தில் எதையும் இயக்கக்கூடாது என்ற தடை) என்று இருக்கிறதா பாருங்கள். ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்று வந்து கூடவே ‘^எம்’ தெரிந்தால் இது அனுமதிச் சிக்கலே இல்லை. விண்டோஸில் எழுதிய கோப்பின் வரி முடிவுகள் அவை, ‘டாஸ்2யூனிக்ஸ்’ சரிசெய்யும்.

பொது ஃபோல்டரில் ஒருவர் போட்டதை மற்றவர் திருத்த முடியவில்லை

அலுவலகங்களில் அதிகம் சண்டை மூட்டுவது இதுதான். 777-க்கு அதிகம் இரையாவதும் இதுதான். ‘/எஸ்ஆர்வி/கணக்கு’ என்று ஒரு ஃபோல்டர், ‘கணக்கு’ என்ற குரூப், நாலைந்து பேர். ஒருவர் உருவாக்கிய கோப்பு அவருடைய சொந்தக் குரூப்போடு 644 ஆக வந்து விழுகிறது. மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது. நிர்வாகி தினமும் காலையில் ‘சிஎச்மாட் -ஆர் 777’ ஓட்டுகிறார்.

இதில் இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன. முதலாவது, குரூப் தவறாக விழுவது. ஃபோல்டருக்கு செட்ஜிஐடி போட்டால், அதாவது ‘சிஎச்மாட் 2770’, உள்ளே உருவாகும் எல்லாமே ஃபோல்டரின் குரூப்பை எடுத்துக்கொள்ளும். உள்ஃபோல்டர்களுக்கும் அதே குணம் தொற்றும். ஏற்கெனவே இருப்பவற்றுக்குத் தானாக வராது, ‘ஃபைண்ட் . -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் ஜி+எஸ் {} +’ ஒருமுறை ஓட்டுங்கள்.

இரண்டாவது, எழுதும் அனுமதி விழாமல் போவது. இதற்குக் காரணம் யுமாஸ்க். புதுக் கோப்பை நிரல் 666 என்று கேட்கும். யுமாஸ்க் 022 என்றால் குரூப்பிடமிருந்தும் மற்றவரிடமிருந்தும் எழுதும் உரிமையைக் கழித்து 644 ஆக்கும். 002 என்றால் 664. ஒவ்வொருவருடைய யுமாஸ்க்கையும் மாற்றிக்கொண்டிருப்பதைவிட ஃபோல்டருக்கே இயல்பு ஏசிஎல் வைப்பது நல்லது: ‘செட்எஃப்ஏசிஎல் -ஆர் -எம் ஜி:கணக்கு:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/கணக்கு’, பிறகு அதையே ‘-டி’ சேர்த்து இன்னொரு முறை. இங்கே ‘-ஆர்’ பெரிய எழுத்து. குரூப்புக்கான மூன்று எழுத்துகளில் கடைசி எக்ஸும் பெரிய எழுத்து. பெரிய எக்ஸ் போட்டால் ஃபோல்டர்களுக்கும் ஏற்கெனவே இயக்கக்கூடிய கோப்புகளுக்கும் மட்டும் இயக்கும் உரிமை விழும். கணக்குத் தாள்கள் எல்லாம் ‘நிரல்’ ஆகிவிடாது. இயல்பு ஏசிஎல் இருக்கும் ஃபோல்டரில் யுமாஸ்க்குக்கு வேலை இல்லை.

இதற்குப் பிறகும் ஒன்றிரண்டு கோப்புகள் முரண்டு பிடிக்கும். பெரும்பாலும் அவை வேறிடத்திலிருந்து ‘எம்வி’ செய்யப்பட்டவை. அதே டிஸ்க்குக்குள் நகர்த்தினால் கோப்பு தன் பழைய ஓனர், குரூப், அனுமதியோடேயே வரும். புது இடத்தின் விதி புதிதாக உருவாவதற்கு மட்டும்தான். ‘சிபி’ செய்துவிட்டுப் பழையதை அழிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி: ஏசிஎல் இருக்கும் கோப்பில் ‘எல்எஸ் -எல்’ கடைசியில் ஒரு ‘+’ காட்டும். அப்போது நடுவில் இருக்கும் எண் குரூப்பின் அனுமதி அல்ல, ‘மாஸ்க்’ என்ற உச்சவரம்பு. யாரோ நல்லெண்ணத்தில் ‘சிஎச்மாட் 600’ அடித்தால் அந்த வரம்பு பூஜ்யமாகிவிடும். ஏசிஎல் பட்டியலில் எல்லா உரிமையும் எழுதியபடி இருக்கும், ஒன்றும் செல்லாது. ‘கெட்எஃப்ஏசிஎல்’ வெளியீட்டில் ‘எஃபெக்டிவ்’ என்று தனியாகக் குறித்திருப்பதைப் பார்த்தால் இதுதான் என்று புரிந்துகொள்ளலாம். ‘செட்எஃப்ஏசிஎல் -எம் எம்::ஆர்டபிள்யூ கோப்பு’ வரம்பை உயர்த்திவிடும்.

இதோடு தொடர்புடைய புகார்: கோப்பை 444 ஆக்கி வைத்தும் யாரோ அழித்துவிட்டார். அழிப்பது கோப்பை மாற்றுவது ஆகாது, ஃபோல்டரை மாற்றுவது. ஃபோல்டரில் எழுத முடிந்தவர் உள்ளே எதையும் அழிக்கலாம். ‘ஆர்எம்’ கேட்கும் ‘ரைட்-ப்ரொடெக்டட்’ கேள்வி ஒரு மரியாதைக்குத்தான். ஸ்டிக்கி போட்டு 3770 ஆக்கினால் கோப்பின் ஓனரோ ஃபோல்டரின் ஓனரோ மட்டும் அழிக்க முடியும். ஆனால் பல எடிட்டர்கள் தற்காலிகக் கோப்பில் எழுதி, அதைப் பழைய பெயருக்கு மாற்றித்தான் சேமிக்கின்றன. ஸ்டிக்கி அதையும் சேர்த்துத் தடுக்கும். எல்லோரும் திருத்த வேண்டிய இடத்தில் ஸ்டிக்கி வேண்டாம், பேக்கப் வையுங்கள்.

எஸ்எஸ்எச் சாவியை ஏற்கவில்லை

எஸ்எஸ்எச் என்பது தொலைவில் உள்ள சர்வருக்குள் பாஸ்வேர்டோ சாவிக் கோப்போ கொடுத்து நுழையும் வழி. இது நேர் எதிரான நோய்: அனுமதி அதிகமாகிவிட்டது. உங்கள் பக்கத்துத் தனிச்சாவிக் கோப்பை மற்றவர் படிக்கக்கூடாது, 600 ஆக்குங்கள். சர்வர் பக்கத்தில் ஹோம், ‘.எஸ்எஸ்எச்’, ‘ஆதரைஸ்டு_கீஸ்’ மூன்றிலும் குரூப்போ மற்றவரோ எழுதக்கூடியதாக இருந்தால் சாவியை ஏற்காமல் பாஸ்வேர்டு கேட்கும். உங்களுக்குக் காரணம் சொல்லாது. சர்வரின் லாகில் ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்று எழுதி வைத்திருக்கும். ஹோமை 777 ஆக்கிய மறுநாள் சர்வருக்குள் நுழைய முடியாமல் போவது இதனால்தான்.

உங்கள் ஹோமிலேயே உங்கள் கோப்பு திறக்கவில்லை

தேவையில்லாத இடத்தில் சூடோ போட்டு ஓடிய ஏதோ ஒரு நிரல் ரூட் பெயரில் கோப்புகளை விட்டுப்போயிருக்கும். ‘ஃபைண்ட் ~ -யூசர் ரூட்’ அடித்தால் பட்டியல் வரும். ‘.என்பிஎம்’ ஃபோல்டர் சிக்கினால் என்பிஎம் ‘இஏசிசிஇஎஸ்’ என்று கத்தியதற்குக் காரணம் கிடைத்தது, ‘.எக்ஸ்ஆதாரிட்டி’ (எக்ஸ் பெரிய எழுத்து) சிக்கினால், சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் லாகின் திரை திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் அது. ‘சூடோ சிஎச்ஓன் -ஆர் குமார்:குமார்’ (ஆர் பெரிய எழுத்து) போட்டு அந்தப் பெயர்களை மட்டும் கொடுங்கள். புள்ளிக் கோப்புகளை மொத்தமாகப் பிடிக்க ‘.*’ போட வேண்டாம், பாஷ் 5.2-க்கு முந்தையவற்றில் அது ‘..’-ஐயும் பிடித்து, மேலே இருக்கும் ஃபோல்டரின் ஓனரையும் மாற்றிவிடும்.

கிட் ‘டுபியஸ் ஓனர்ஷிப்’ என்று நின்றால் அதுவும் ஓனர் பொருந்தாததுதான். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து இந்தச் சோதனை இருக்கிறது. ஓனரைச் சரிசெய்யுங்கள், வேண்டுமென்றே வேறொருவருடையது என்றால் மட்டும் ‘சேஃப்.டைரக்டரி’யில் சேருங்கள்.

உபுண்டுவில் ஸ்னாப் வழியாக நிறுவிய செயலி மட்டும் ‘/மீடியா’வில் இருப்பதைத் திறக்காவிட்டால் எண்களைத் தொடாதீர்கள், ‘சூடோ ஸ்னாப் கனெக்ட் செயலிபெயர்:ரிமூவபிள்-மீடியா’ போதும். ஹோமில் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்களையும் ஸ்னாப் செயலிகள் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

டாக்கர் உருவாக்கிய கோப்பின் ஓனர் முன்பின் தெரியாதவர்

டாக்கர், நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி. கெர்னலுக்குப் பயனரின் பெயர் தெரியாது, எண் மட்டுமே. ‘எல்எஸ் -எல்என்’ போட்டால் அந்த எண்ணைப் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸின் டெபியன் வழி இமேஜில் டேட்டாபேஸ் பயனர் 999, ஆல்பைன் வழியில் 70. உங்கள் கணினியில் 999 வேறு சேவைக்குப் போயிருந்தால் அந்தச் சேவையின் பெயர் தெரியும். அதை உங்கள் பெயருக்கு மாற்றினால் டேட்டாபேஸ் எழும்பாது, அப்படியே விடுங்கள். உங்கள் நிரல் ஃபோல்டரில் கண்டெய்னர் ரூட் கோப்புகளைப் போட்டுத் தொலைக்கிறது என்றால், ஓட்டும்போது ‘--யூசர் 1000:1000’ சேருங்கள்.

டெர்மினலில் எழுத முடிகிறது, சர்வீஸால் முடியவில்லை

‘சூடோ -யூ’ சோதனையில் தேறுகிறது, சர்வீஸாக ஓடினால் மட்டும் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’. ‘சிஸ்டம்சிடிஎல் கேட் சர்வீஸ்பெயர்’ பாருங்கள். ‘ப்ரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட்’ இருந்தால் அந்தச் சர்வீஸுக்கு ஏறக்குறைய முழு டிஸ்க்கும் எழுதாநிலைதான்; ‘ப்ரொடெக்ட்ஹோம்=எஸ்’ இருந்தால் ‘/ஹோம்’ காலியாகத் தெரியும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ வழியாக ‘ரீட்ரைட்பாத்ஸ்=’ (மூன்று சொற்களின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து) வரியில் வேண்டிய ஃபோல்டரை மட்டும் சேருங்கள்.

‘/’ முழுவதற்கும் 777 அடித்தாயிற்று

ரூட் ஷெல் ஏதாவது திறந்திருந்தால் அதை மூடாதீர்கள். சூடோவின் செட்யுஐடி (யார் ஓட்டினாலும் ஓனரின் உரிமையோடு ஓட வைக்கும் அடையாளம்) போய்விட்டதால் இனி புதிதாக ரூட் ஆக முடியாது. திறந்த ஷெல் இல்லையென்றால் கிரப்பின் (கணினி எழும்பும்போது வரும் தொடக்கப் பட்டியல்) ரெக்கவரி மோட் அல்லது லைவ் யூஎஸ்பி. உள்ளே வந்ததும் முதலில் ‘/யூஎஸ்ஆர்/பின்’ கீழே உள்ள சூடோ, எஸ்யூ இரண்டையும் 4755, ‘/இடிசி/சூடோயர்ஸ்’ 440, ‘/டெம்ப்’ 1777, ‘/இடிசி/எஸ்எஸ்எச்’ கீழே உள்ள தனிச்சாவிகள் 600 ஆக்குங்கள்.

ஃபெடோரா வகையில் மீதியை, மென்பொருள் தொகுப்புகளை நிர்வகிக்கும் ஆர்பிஎம் நிரலே செய்யும்: ‘ஆர்பிஎம் --செட்யுஜிஐடிஸ் -ஏ’, பிறகு ‘ஆர்பிஎம் --செட்பெர்ம்ஸ் -ஏ’. இந்த வரிசை முக்கியம். ஓனரை மாற்றும்போது செட்யுஐடி கழன்றுவிடும் என்பதால் அனுமதி இரண்டாவதாக வர வேண்டும். புதிய பதிப்புகளில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் ‘--ரெஸ்டோர்’ உண்டு. டெபியன், உபுண்டுவில் இதற்கு இணையான ஒற்றைக் கட்டளை இல்லை. தொகுப்புகளை மறுபடி நிறுவினாலும் ‘/இடிசி’, ‘/வார்’ கீழே பல இடங்கள் அப்படியே நிற்கும். என் கருத்து: ஹோமையும் டேட்டாபேஸையும் எடுத்து வைத்துக்கொண்டு கணினியைப் புதிதாக நிறுவிவிடுவது மேல்.

777 விழுந்தது வெப் ஃபோல்டரில் மட்டும் என்றால் இவ்வளவு இழப்பு இல்லை. ‘ஃபைண்ட் . -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் 755 {} +’ ஒருமுறை, ‘ஃபைண்ட் . -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மாட் 644 {} +’ ஒருமுறை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கோப்பை வெப் சர்வரின் குரூப்புக்குக் கொடுத்து 640 ஆக்குங்கள், இயங்க வேண்டிய ஸ்கிரிப்டுகளுக்கு மட்டும் கையால் ‘யூ+எக்ஸ்’ போடுங்கள். ஃபோல்டர் திறந்து கிடந்த நாட்களில் யாராவது எதையாவது மாற்றினார்களா என்று ‘ஃபைண்ட் . -எம்டைம் -7’ போட்டுப் பார்த்துவிடுங்கள். 7 என்பதற்குப் பதில் எத்தனை நாள் திறந்திருந்ததோ அந்த எண். தேதியைத் திருத்தி வைப்பதும் எளிது என்பதால், கிட்டில் இருக்கும் தளம் என்றால் ‘கிட் ஸ்டேட்டஸ்’ இதைவிட நம்பகமானது.